மழைக்கால டயர் தேர்வு (வட சென்னை)

மழைக்கால டயர் தேர்வு என்பது ஈரமான சாலையில் ஊர்தி வழுக்காமல் ஓடவும், திரும்பவும், உரிய தொலைவுக்குள் நிற்கவும் ஏற்ற டயரைத் தெரிவு செய்தலும் அதனை அந்நிலையில் பேணுதலும் ஆகும். குளிர் நாடுகளில் பனிக்காலத்திற்கெனத் தனி டயர்களைப் பூட்டும் வழக்கம் உள்ளது. தமிழ்நாட்டின் கரையோரத்தில் சாலையில் பனி படிவதில்லை. பனி அங்கே செய்யும் வேலையை இங்கே வடகிழக்குப் பருவமழையின் நீரும், அதனுடன் கலக்கும் எண்ணெயும் தூசும் செய்கின்றன. இக்கட்டுரை சென்னையின் வடகோடியில் உள்ள காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தேர்வை விளக்குகிறது. கொள்கலன் ஏற்றிய ட்ரெய்லர் லாரிகளும் இருசக்கர ஊர்திகளும் ஒரே சாலையை நெருக்கமாகப் பகிர்ந்துகொள்ளும் பகுதி இது. இங்கே சில மீட்டர் கூடுதலாக வழுக்கிச் செல்வது உயிரிழப்பில் முடியக்கூடும்.

குளிர்கால டயர் ஏன் இங்கு பொருந்தாது

குளிர்கால டயர்கள் முதலில் பின்லாந்தில் உருவாயின. இன்று நோக்கியன் டயர்ஸ் என அறியப்படும் நிறுவனம் 1934 ஆம் ஆண்டில் சுமையுந்துகளுக்கும், 1936 ஆம் ஆண்டில் அக்கபெலீட்டா என்ற பெயரில் மகிழுந்துகளுக்கும் பனிச்சாலை டயர்களை வெளியிட்டது. இவ்வகை டயரின் சிறப்பு அதன் ரப்பர்க் கலவையிலேயே உள்ளது. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 °செ வெப்பநிலைக்குக் கீழே விறைக்கத் தொடங்கிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவையோ உறைநிலைக்குக் கீழும் நெகிழ்வாக இருக்கும். பனியைக் கவ்விப் பிடிக்க மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இடப்பட்டிருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த குறி இத்தகைய டயருக்கு அடையாளம். செருமனியில் அக்டோபர் 2024 முதல் இக்குறி உள்ள டயர்களே குளிர்கால டயர்களாக ஏற்கப்படுகின்றன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்கால டயர்களைக் கட்டாயமாக்கியுள்ளது. தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோ உள்ள ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆயினும் அவற்றைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு.

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 °செ தான். ஆகவே ரப்பர் விறைத்துப் போகும் 7 °செ என்ற எல்லை இங்கு ஒருநாளும் எட்டப்படுவதில்லை. மறுபுறம், மே 2003 இன் இறுதியில் நகரின் வெப்பநிலை 45 °செ வரை ஏறியது. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிடப் பல பாகை கூடுதலாக இருக்கும். இச்சூட்டில் குளிர்கால டயரின் மென்மையான ரப்பர் அளவுக்கு மீறிக் குழைந்து, விரைவில் தேய்ந்து, நிறுத்தும் தொலைவையும் கூட்டிவிடும். விலை உயர்ந்த டயர் எங்கும் சிறந்த டயர் என்ற எண்ணம் இந்த இடத்தில் தவறிவிடுகிறது.

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியும் காத்திவாக்கத்தை அடுத்துள்ள மணலியும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் எழுதப்படுகின்றன. முன்னதில் பனிக்காலத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டவேண்டியிருக்கும். பின்னது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் பெயர்பெற்றது. ஒன்றுக்கான அறிவுரையை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ளாதிருத்தல் நலம்.

திருவொற்றியூரும் டயர்த் தொழிலும்

ஒரு நாட்டின் சாலைக்கு வகுத்த டயர் மற்றொரு நாட்டின் சாலைக்கு உதவாது என்ற பாடம் இப்பகுதியின் தொழில் வரலாற்றிலேயே உள்ளது. 1946 ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1952 இல் அத்தொழில் தேய்ந்த டயரைப் புதுப்பிக்கப் பயன்படும் ட்ரெட் ரப்பர் உற்பத்திக்கு மாறியது. 1960 இல் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரில் நிறுவனமாகப் பதிவு பெற்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மான்ஸ்பீல்டு டயர் நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு, திருவொற்றியூரில் டயர் உற்பத்தியில் இறங்கியது. இதுவே இன்றைய எம்.ஆர்.எஃப். நிறுவனம்.

அமெரிக்காவின் சீரான நெடுஞ்சாலைகளை எண்ணி உருவாக்கப்பட்ட நுட்பம் இந்தியச் சாலைகளுக்குப் பொருந்தவில்லை. வெப்பம், குண்டும் குழியுமான பரப்பு, அளவுக்கு மீறிய சுமை ஆகியவை இங்கு ஒருசேர இருந்தன. தொடக்க ஆண்டுகளின் இந்தப் பின்னடைவை அடுத்து நிறுவனம் தன் சொந்த ஆய்வில் கவனம் செலுத்தியது. திருவொற்றியூரில் ரப்பர் ஆய்வு மையத்திற்கு 1963 இல் அன்றைய தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1967 இல் அமெரிக்காவிற்கே டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனமாக எம்.ஆர்.எஃப். ஆனது. டயரைப் பூட்டிக்கொள்ளும் ஊர்திகளும் இதே பகுதியில் உருவானவை. எண்ணூரில் 1948 இல் அசோக் மோட்டார்சு தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு விசையுந்துகள் செய்யப்பட்டன.

இப்பகுதியின் சாலையும் மழையும்

காத்திவாக்கம் (கத்திவாக்கம் என்றும் எழுதப்படும்) வங்கக் கடலுக்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்கும் அருகில் அமைந்த ஊர். தனி நகராட்சியாக இருந்த இது 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இராயபுரத்திலிருந்து கடலோரமாக வரும் எண்ணூர் விரைவுச் சாலையும், உள்ளே செல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் இப்பகுதியின் முதன்மைத் தடங்கள். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே 2001 இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (2014 முதல் காமராசர் துறைமுகம்) ஆகியவற்றுக்கான சரக்குப் போக்குவரத்து இச்சாலைகளில் பெருமளவில் செல்கிறது. துறைமுக வாயிலில் நெரிசல் ஏற்படும் நாட்களில் ட்ரெய்லர்கள் சாலையோரமாக வரிசைகட்டி நிற்பதும், எஞ்சிய இடைவெளியில் இருசக்கர ஊர்திகள் புகுந்து செல்வதும் வழக்கமான காட்சி.

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1400 மிமீ அளவில் உள்ளது. இதில் பெரும்பகுதி அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. இம்மழை தொடர்ந்து பெய்வதில்லை. சில நாட்கள் கொட்டித் தீர்க்கும். பின் ஒரு வாரம் வெயில் அடிக்கும். அந்த இடைவெளியில் லாரிகளிலிருந்து சொட்டும் டீசலும் எஞ்சின் எண்ணெயும், தேய்ந்த டயர்த் துகளும், நிலக்கரித் தூசும், கடற்கரை மணலும் சாலையில் மீண்டும் படிகின்றன. அடுத்த மழையின் முதல் தூறல் இவற்றைக் கழுவிச் செல்வதற்குப் பதிலாகக் குழம்பாக்கிவிடுகிறது. எனவே பெருமழையைக் காட்டிலும் மழையின் முதல் சில நிமிடங்களே வழுக்கலில் மோசமானவை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில் மீன் வண்டிகளிலிருந்து வடியும் பனிக்கட்டி நீரால் கோடையிலும் ஈரம் இருக்கும். அங்கே மழைக்காலம் என்பது நாட்காட்டியைப் பொறுத்ததன்று.

நீர் எவ்வாறு பிடிப்பைக் கெடுக்கிறது

டயரில் சாலையைத் தொடும் மேற்பகுதி மிதிப்பகுதி எனலாம். பட்டறைகளில் அதன் மேடுகளைப் பட்டன் என்பர்; பட்டன் முழுதும் தேய்ந்துபோனது மொட்டை டயர். ஒரு மகிழுந்து டயர் எந்தக் கணத்திலும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அதன் நீளம் 15 செமீ எனக் கொள்வோம். மணிக்கு 60 கிமீ வேகத்தில் ஊர்தி வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. எனவே டயரின் ஒரு புள்ளி சாலையைத் தொட்டு விலகுவதற்குள் கிடைக்கும் நேரம் 0.009 வினாடி மட்டுமே. சாலையில் 3 மிமீ நீர் நின்றால், 165 மிமீ அகலமுள்ள டயர் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 8 லிட்டர் நீரை இருபுறமும் பின்புறமும் தள்ளியாக வேண்டும். மிதிப்பகுதியின் பள்ளங்கள் இந்நீருக்கான வாய்க்கால்கள். உலர்ந்த சாலையில் பள்ளமே இல்லாத டயர் நன்றாகவே பிடிக்கும். பந்தய மகிழுந்துகளின் டயர்கள் அவ்வாறே உள்ளன. பள்ளங்களின் முதன்மைப் பணி நீரை வெளியேற்றுவதே.

வாய்க்கால் போதாதபோது நீர் டயருக்கு முன்னால் ஆப்பு போலச் சேர்ந்து, டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடுகிறது. இதற்கு நீர்ச்சறுக்கல் என்று பெயர். இதன்போது திசைமாற்றியும் தடுப்பும் வேலை செய்வதில்லை. அமெரிக்காவின் நாசா அமைப்பில் வால்டர் ஹார்ன் முதலானோர் 1960களில் வானூர்தி டயர்களை நீர் நிறைந்த ஓடுபாதையில் ஆராய்ந்து, மிக எளிய ஒரு வாய்பாட்டைக் கண்டனர். நீர்ச்சறுக்கல் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்குப் பவுண்டு அளவில் குறித்தால்,

வேகம் (கிமீ/மணி) = 16.7 × √அழுத்தம்

அழுத்தம் 32 எனில் வேகம் 94. அது 20 ஆகக் குறைந்தால் வேகம் 75. நீர் போதிய ஆழம் இருந்து, டயர் மொட்டையாக இருக்கும்போது இவ்வாய்பாடு பொருந்தும். நல்ல பள்ளமுள்ள டயர் இதைவிடக் கூடிய வேகத்தையும் தாங்கும்.

மழைக்காலத்தில் காற்றைச் சிறிது இறக்கிவிட்டால் பிடிப்பு கூடும் என்று ஓட்டுநர் சிலர் நம்புவதுண்டு. மணலில் சிக்கிய வண்டிக்கு இது சரியே. கடற்கரை மணலில் ஓட்டுவோர் அப்படித்தான் செய்கின்றனர். நீர் நிற்கும் சாலையில் இது நேர்மாறான விளைவைத் தரும் என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது.

இருசக்கர ஊர்தியின் டயர் குறுக்குவாட்டில் வளைவானது. படகின் முன்பகுதி போல நீரைப் பிளந்து செல்வதால் அதில் முழு நீர்ச்சறுக்கல் அரிது. அதன் இடர் வேறு வகையானது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய, எண்ணெய் கலந்த நீர்ப்படலம் ரப்பருக்கும் சாலைக்கும் இடையில் நின்றுவிடுகிறது. இது எந்த வேகத்திலும் நிகழலாம். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், பணிநடக்கும் இடங்களில் போடப்படும் இரும்புத் தகடுகள், துறைமுகப் பாதைகளின் தண்டவாளங்கள் ஆகியவற்றின் மேல் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பெரிதாக உதவுவதில்லை. அங்கே கலவையின் தன்மையும் ஓட்டுநரின் நிதானமுமே துணை.

உராய்வுக் கெழு குறைவதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். மணிக்கு 40 கிமீ வேகத்தில் வரும் வண்டி, உலர்ந்த சாலையில் கெழு 0.7 எனில் தடுப்பு பிடித்த பின் 9 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் அது 0.4 ஆனால் 16 மீட்டர் வேண்டும். எண்ணெயும் நீரும் கலந்து 0.2 ஆனால் 31 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒரு வினாடியில் கடக்கும் 11 மீட்டர் இதில் சேரவில்லை. 40 அடிக் கொள்கலன் ஒன்றின் நீளம் 12.2 மீட்டர். அதாவது 31 மீட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டரைக் கொள்கலன்களின் நீளம்.

டயரைத் தெரிவு செய்தல்

இருசக்கர ஊர்திகள்

உற்பத்தியாளர் குறித்த அளவையே வாங்குவது முதல் விதி. பின்சக்கரத்தில் அகலமான டயரைப் பூட்டினால் பிடிப்பு கூடும் என்ற எண்ணம் இளைஞரிடையே உண்டு. அதே எடை அகன்ற பரப்பில் பரவுவதால் நீரைப் பிளக்கும் அழுத்தம் குறைகிறது. குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் வளைவும் கெட்டுவிடும். மழைச் சாலைக்கு மையத்திலிருந்து ஓரம்வரை சாய்வாக ஓடும் தொடர்ச்சியான பள்ளங்கள் உள்ள டயர் ஏற்றது. மண்பாதைக்கான பெரிய கட்டை வடிவ மேடுகள் கொண்ட டயர் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தாலும், ஈரமான தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பரின் அளவு அதில் குறைவு.

நேர்ச்சாலையிலேயே நாள்தோறும் ஓடும் வண்டியில் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரங்களில் பட்டன் இருப்பதைப் பார்த்து டயர் நன்றாக உள்ளதென எண்ணுதல் கூடாது. வண்டி நேராக ஓடும்போது தரையில் படுவது நடுப்பகுதியே. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட விசையுந்துகளில் சக்கரப் பூட்டுத் தடுப்பு முறையான ஏ.பி.எஸ். கட்டாயம். இம்முறை சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். டயரில் இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது.

ட்யூப் இல்லா டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லவே இறங்கும். ட்யூப் உள்ளதில் திடீரென இறங்கக்கூடும். கொள்கலன் முனையங்களைச் சுற்றிய சாலைகளில் ஆணிகளும் கம்பித் துண்டுகளும் சிதறிக் கிடப்பதால் இவ்வேறுபாடு இங்கு முக்கியமானது.

மகிழுந்துகள்

மகிழுந்துக்கு மழைக்காலத்தில் நெடுக்குவாட்டில் மூன்று அல்லது நான்கு அகன்ற பள்ளங்கள் கொண்ட, சிலிக்கா கலந்த ரேடியல் டயர் ஏற்றது. மிச்செலின் நிறுவனம் 1992 இல் கரிப்பொடிக்கு மாற்றாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்த டயரை வெளியிட்டது முதல், எரிபொருள் சிக்கனத்தையும் ஈரப் பிடிப்பையும் ஒருசேரப் பெறுவது எளிதாயிற்று. இந்தியாவில் மகிழுந்து, பேருந்து, சுமையுந்து டயர்களுக்கான ஈரப் பிடிப்பு, உருள்தடை, இரைச்சல் அளவுகள் ஏ.ஐ.எஸ். 142 தரத்தின்படி 2022 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. இருசக்கர டயர்கள் இதில் அடங்கவில்லை. வழுக்கி விழும் வாய்ப்பு மிகுந்த ஊர்தி விடுபட்டிருப்பது ஒரு குறையே.

இரண்டு புதிய டயர்கள் மட்டும் வாங்கினால் அவற்றை எங்கே பூட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்னால் பூட்டுவதே பட்டறை வழக்கம். டயர் உற்பத்தியாளர்களோ பின்னால் பூட்டுமாறு கூறுகின்றனர். முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகச் செல்ல முற்படும். வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு மீளும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். பழக்கமில்லாத ஓட்டுநரால் அதைச் சரிசெய்ய இயலாது. இவ்வகையில் உற்பத்தியாளர் கூற்றே வலுவானது.

சுமையுந்துகளும் ட்ரெய்லர்களும்

இந்தியச் சுமையுந்துகளில் நெடுங்காலமாக வழங்கும் அளவு 10.00-20. இதில் நைலான் டயர் எனப்படும் குறுக்கு அடுக்கு வகையும் ரேடியல் வகையும் உண்டு. ஒரே அச்சில் இவ்விரண்டையும் கலந்து பூட்டக்கூடாது. முன்சக்கரத்திற்கு நெடுக்குப் பள்ளங்கள் கொண்ட ரிப் வகையும், இழுக்கும் பின்சக்கரத்திற்குக் குறுக்கு மேடுகள் கொண்ட லக் வகையும் பயன்படுகின்றன. லக் வகை சுமைக்கும் கரட்டுத் தரைக்கும் சிறந்தது; நீரை நெடுக்காகக் கடத்துவதில் ரிப் வகைக்கு ஈடாகாது. துறைமுகத்திற்கும் கொள்கலன் முனையத்திற்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இரண்டும் கலந்த வடிவம் நடுவழியாக அமையும்.

புதிய டயரை முன்சக்கரத்தில் போட்டு, ஓரளவு தேய்ந்ததைப் பின்சக்கரத்திற்கு மாற்றி, புதுப்பித்த டயரையும் இறுதிக்காலத்தில் உள்ளதையும் ட்ரெய்லரில் பூட்டுவது போக்குவரத்துத் தொழிலில் பரவலான முறை. முன்டயர் வெடித்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் கொள்கலனை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் ட்ரெய்லரின் சக்கரங்கள், எடை குறைவாக இருப்பதால், தடுப்பு பிடித்தவுடன் எளிதில் பூட்டிக்கொள்கின்றன. அந்நிலையில் மொட்டை டயர் ஈரச்சாலையில் பக்கவாட்டில் வழுக்கி, ட்ரெய்லர் மடிந்து அடுத்த தடத்தை அடைத்துவிடும். அத்தடத்தில்தான் இருசக்கர ஊர்திகள் செல்கின்றன. மழைக்காலத்தில் மட்டுமேனும் ட்ரெய்லர் டயரின் பட்டனைச் சோதித்து அனுப்புவது, அதில் பயணம் செய்யாத பிறரின் உயிரைக் காப்பதாகும்.

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக்குவதும் சில இடங்களில் நடக்கிறது. இவ்வாறு வெட்டுவதற்கெனவே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்யப்படும் சுமையுந்து டயர்கள் உள்ளன. அவற்றின் பக்கச்சுவரில் அதற்கான குறிப்பு இருக்கும். மற்ற டயர்களில் வெட்டினால் உள்ளிருக்கும் இழை அடுக்கு வெளிப்பட்டு டயர் வெடிக்க நேரும். முறையான ஆலையில் புதுப்பித்த டயர் இதனின்றும் வேறானது. அதனை ஐயுறத் தேவையில்லை.

பக்கச்சுவர் எழுத்துகளைப் படித்தல்

ஸ்கூட்டர் டயர் ஒன்றில் 90/100-10 53 ஜே என எழுதியிருப்பதாகக் கொள்வோம். முதல் எண் மிமீ அளவில் அகலம். இரண்டாவது, அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. மூன்றாவது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 53 என்பது சுமைக் குறியீடு. அது 206 கிலோ எடையைக் குறிக்கும். ஜே என்பது மணிக்கு 100 கிமீ வேக வரம்பு. சுமைக் குறியீடு பரிந்துரைத்ததைவிடக் குறைவாக உள்ள டயரை விலை கருதி வாங்குதல் கூடாது. தண்ணீர்க் குடங்களும் எரிவளி உருளையும் இருசக்கர ஊர்தியிலேயே செல்லும் ஊர்களில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

நான்கு இலக்க எண் ஒன்று தனியே நீள்வட்டத்திற்குள் இருக்கும். 3523 என்றால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடையில் புதிதாகத் தோன்றும் டயர் சில ஆண்டுகள் கிடங்கில் இருந்ததாக இருக்கலாம். பழைய ரப்பர் இறுகிவிடுவதால், பட்டன் முழுதாக இருந்தாலும் ஈரத்தில் பிடிப்பு குறையும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டுகளில் கட்டாயம் மாற்றவும் பெரிய உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். வெயிலிலேயே நிறுத்தப்படும் வண்டிக்கு இந்தக் கால அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுவது அதற்கான அறிகுறி.

இவற்றோடு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருத்தல் வேண்டும்.

தேய்மான வரம்பு

மத்திய மோட்டார் ஊர்தி விதிகள், 1989 இன் 94 ஆவது விதிப்படி மிதிப்பகுதிப் பள்ளத்தின் ஆழம் இருசக்கர, மூன்று சக்கர ஊர்திகளில் 0.8 மிமீக்கும், மற்றவற்றில் 1.6 மிமீக்கும் குறையக்கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடாக இதற்கான அடையாளம் வார்க்கப்பட்டிருக்கும். பட்டன் அம்மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது எனலாம்.

இது சட்டத்தின் கீழ்வரம்பே அன்றி மழைக்குப் போதுமான அளவு அன்று. புதிய மகிழுந்து டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மிமீ. அது 3 மிமீக்குக் கீழே வரும்போதே நீரைக் கடத்தும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆசுத்திரியாவில் ரேடியல் குளிர்கால டயருக்கு 4 மிமீ இருந்தால்தான் அது குளிர்கால டயராகக் கருதப்படும். காத்திவாக்கத்தில் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் அளந்து பார்த்து, 3 மிமீ அளவில் உள்ள மகிழுந்து டயரைப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது அறிவுடைமை. கோடை முழுதும் அதே டயரை ஓட்டிவிட்டு மழையின் நடுவில் மாற்றுவோரே மிகுதி. அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. தீக்குச்சியைப் பள்ளத்தில் நட்டு, மேல்மட்டத்தில் நகத்தால் குறித்து, அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

காற்றழுத்தம்

டயரினுள் உள்ள காற்று வெப்பநிலைக்கேற்ப விரிந்து சுருங்கும். மே மாத நண்பகலில் 40 °செ வெப்பத்தில் 32 பவுண்டு நிரப்பிய டயர், வேறு கசிவே இல்லாவிடினும், டிசம்பர் காலையில் 24 °செ ஆகும்போது ஏறத்தாழ 29.6 பவுண்டுக்கு இறங்கிவிடும். இயல்பான கசிவு மாதத்திற்கு ஒரு பவுண்டு அளவில் இதனுடன் சேரும். ஆக, கோடையில் சரிபார்த்துவிட்டு மறந்துபோன டயர் சரியாக மழைக்காலத்தில்தான் மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். சென்னையின் குளிர்காலம் டயரைத் தொடும் ஒரே வழி இதுவே எனலாம்.

அழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்கவேண்டும். பெட்ரோல் நிலையங்களில் நைட்ரசன் நிரப்புவது பற்றிப் பலவாறு கூறப்படுகிறது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரசன் உள்ளது. மாதம் இருமுறை காற்றைச் சரிபார்ப்பவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிதே.

உப்பு, எண்ணெய், வெள்ளம்

கடலோர ஊர்களில் உப்புக் காற்று எஃகு ரிம்மை அரிக்கிறது. ட்யூப் இல்லா டயரில் ரிம்மின் விளிம்பே காற்றைத் தடுக்கும் அடைப்பு. அங்கே துரு ஏறினால் காற்று மெல்லக் கசியும். ஆணி இல்லாமலேயே அடிக்கடி காற்று இறங்கினால் பஞ்சர் கடையில் ரிம்மின் விளிம்பைத் தேய்த்துத் தூய்மை செய்யச் சொல்லலாம். வால்வும் சோதிக்கப்பட வேண்டும். அதன் விலை மிகக் குறைவு. ரேடியல் டயரில் ஆழமான வெட்டு ஏற்பட்டால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகளை உப்புநீர் அரித்து, நாளடைவில் மிதிப்பகுதி பிரிந்துவிடக்கூடும்.

2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளநீருடன் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. எர்ணாவூர்ப் பகுதிக் குடியிருப்புகளுக்குள்ளும் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. மீனவரின் படகுகளும் வலைகளும் பாழாயின. இத்தகைய நீரில் நின்ற ஊர்திகளின் டயர்களுக்குத் தனிக் கவனம் தேவை. டயரில் பயன்படும் இயற்கை ரப்பரும் பெரும்பாலான செயற்கை ரப்பரும் கனிம எண்ணெயை உறிஞ்சி ஊதி மென்மையாகும் இயல்பு கொண்டவை. எண்ணெய்ப் படிவைச் சோப்புக் கரைசலால் கழுவவேண்டும். மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலால் துடைத்தால் கறை விரைவில் போகும். ஆயினும் அவையும் ரப்பரைக் கெடுப்பவையே. பல நாட்கள் எண்ணெயில் ஊறி, விரலால் அழுத்தினால் பிசுபிசுப்பாகவோ உப்பலாகவோ தோன்றும் டயரை மாற்றுவதே தக்கது.

வெள்ளத்தில் நின்ற சக்கரத்தில் தடுப்புக் கட்டைகளும் நனைந்திருக்கும். நீர் வடிந்த பின் முதலில் மெதுவாக ஓட்டி, பல முறை இலேசாகத் தடுப்பு பிடித்து அவற்றை உலர்த்தவேண்டும். டயரின் பள்ளங்களில் அடைத்துக்கொண்ட சேற்றையும் குச்சியால் அகற்றவேண்டும். அடைபட்ட பள்ளம் இல்லாத பள்ளத்திற்குச் சமம். வெள்ளநீருக்கு அடியில் கிடந்த கல்லிலோ கம்பியிலோ மோதியிருந்தால் பக்கச்சுவரின் உட்புறத்தில் புடைப்பு உண்டாகியிருக்கலாம். இது வண்டியின் அடியிலிருந்து பார்த்தாலன்றித் தெரியாது. புடைப்புள்ள டயரை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்த இயலாது.